72 மணி நேரம்

2021 மார்ச் மாதம் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போக விரும்பியவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது நேரத்தைப் பின்னோக்கி எண்ணும் வித்தையை. விமானம் புறப்படும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அதிலிருந்து 72 மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு முன்பு எடுத்த சளி மாதிரி செல்லாது. கோட்டுக்குப் பின் எடுத்தால் செல்லும், ஆனால் முடிவு கைக்கு வர ஒரு நாளோ ஒன்றரை நாளோ ஆகும். வந்த முடிவை வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும், அச்சிட்டுக் கையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கத்துக் கெடுவையும் கழித்துப் பார்த்தால், மருத்துவகத்தின் நாற்காலியில் அமர்ந்து தலையைப் பின்னால் சாய்த்து மூக்கைக் கொடுப்பதற்கென்று ஒரு பகல்தான் மிஞ்சும். முகூர்த்தம் குறிப்பதைப்போலத்தான். ராகு காலம் பார்த்துப் பயணம் புறப்பட்ட முன்னோர்கள் நம்மைப் பார்த்திருந்தால் தங்கள் பஞ்சாங்கம் எவ்வளவோ எளிது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நாட்களின் விதிகளை இன்று நினைவுகூர்வதே சிரமமாக இருக்கிறது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியா 2020 மார்ச் 23 முதல் வழக்கமான பன்னாட்டு விமானங்களை நிறுத்தியிருந்தது. 2022 மார்ச் 27 வரை அந்தத் தடை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் வந்தே பாரத் என்ற பெயரில் சிறப்பு விமானங்களும், சில நாடுகளுடன் செய்துகொண்ட தனி ஏற்பாடுகளின்படி வேறு சில விமானங்களும் பறந்தன. 2021 பிப்ரவரி 22க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் எவரும் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்த ஆர்டி-பிசிஆர் சோதனையில் தொற்று இல்லை என்ற சான்றை ஏர் சுவிதா தளத்தில் ஏற்றியாக வேண்டும் என்று நெறிமுறை வந்தது. கூடவே, அந்தச் சான்று உண்மையானது, பொய்யென்றால் குற்றவியல் நடவடிக்கைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழியும் தர வேண்டும். மார்ச் இரண்டாம் வாரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைய மாநில அரசின் இ-பாஸும் சேர்ந்துகொண்டது. என் மேசைமேல் ஒரு நீலநிறக் கோப்பு நாளுக்கு நாள் பருத்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு வந்தது கொரோனா அல்ல. இரண்டு ஆண்டுகளாகவே சிறுநீரகங்கள் மெல்ல மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தன. உலகம் முழுதும் ஒரே நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மற்ற நோய்கள் தங்கள் வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருந்தன என்பதை அந்தக் காலத்தில் வீட்டில் நோயாளி இருந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். மார்ச் முதல் வாரத்தில் லால்குடியிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அண்ணே, அவசரம்னு இல்ல. ஆனா வர முடிஞ்சா வந்துருங்க” என்றான். எங்கள் குடும்பத்தில் அவசரம் இல்லை என்று ஒருவர் சொன்னால் அதன் பொருள் என்ன என்பது எனக்குத் தெரியும். 11ஆம் தேதி, வியாழக்கிழமை, திருச்சி விமானத்தில் இடம் கிடைத்தது.

தாள்களைச் சேர்க்கத் தொடங்கியபோது முதலில் முட்டுக்கட்டையாக வந்து நின்றது என் பெயர். தமிழர்களுக்கு இது பழகிய துன்பம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் தகப்பன் பெயரின் முதலெழுத்தும். கடவுச்சீட்டு அந்த முதலெழுத்தை விரித்து, தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறது. விமானச் சீட்டில் தகப்பன் முன்னால் வருகிறார், மகன் பின்னால். சோதனைச் சான்றில் எந்தப் பெயர் வரும், எந்த வரிசையில் வரும், கடவுச்சீட்டு எண் அதில் அச்சாகுமா என்று கேட்டுக்கொள்ளாமல் வெளியே வந்துவிடக் கூடாது. மருத்துவகத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் மிகப் பொறுமையாக, “யார் பெயர் உங்கள் பெயர்?” என்று கேட்டார். இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆன என் அப்பா அந்த வாரம் முழுவதும் எல்லாக் கவுண்ட்டர்களிலும் எனக்கு முன்னால் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்க்க மகனுக்கு முன்னால் அவரே புறப்பட்டுவிட்டதைப்போல எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதிரி கொடுத்தேன். அன்றிரவு அம்மா பேசினாள். குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல இருந்தது. எப்போது வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை. “காயிதமெல்லாம் சரியா இருக்கா தம்பி?” என்று கேட்டாள். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ரேஷன் அட்டையிலிருந்து விதவை ஓய்வூதியம் வரை வாழ்நாள் முழுவதும் ஏதோ ஓர் அலுவலகத்தின் வாசலில் ஏதோ ஒரு தாள் குறைவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவள். ஒரு மனிதன் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வந்து சேர்வது அவன் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, காகிதத்தைப் பொறுத்தது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது அம்மா என்றேன். சரியாகத்தான் இருந்தன.

புதன்கிழமை மாலை விமானம் சனிக்கிழமை இரவுக்கு மாற்றப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. காரணம் எதுவும் இல்லை. அந்த ஆண்டில் யாரும் காரணம் எதிர்பார்க்கவும் இல்லை. செவ்வாய்க் காலை எடுத்த மாதிரியின் ஆயுள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியோடு முடிந்துவிடும். ஆகவே வியாழக்கிழமை காலை மீண்டும் அதே நாற்காலி, பஞ்சு சுற்றிய அதே குச்சி, கண்ணோரம் திரளும் அதே நீர். அன்று மாலை நான்கு மணிக்கு அம்மா போய்விட்டாள்.

தம்பியிடம் பேசி முடித்தபின் நான் செய்த முதல் காரியம் நெறிமுறையை எடுத்து மறுபடி படித்ததுதான். அழுகை பிறகு வந்தது. சோதனைச் சான்று இல்லாமல் இந்தியாவுக்கு வர ஒரே ஒரு விலக்கு உண்டு: குடும்பத்தில் மரணம். அந்த வரியை முன்பே படித்திருந்தேன், எனக்கானதல்ல என்று தாண்டியிருந்தேன். இப்போது எனக்கானதாக ஆகிவிட்டது. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டியிருந்தது. விலக்குக் கோருபவர் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். வியாழன் மாலை விண்ணப்பித்தால் ஞாயிறு மாலைக்குப் பிறகுதான் விமானம் ஏற முடியும். காலையில் கொடுத்த மாதிரியின் முடிவு வந்துவிட்டால் சனிக்கிழமை இரவே ஏறிவிடலாம். மரணத்துக்கென்று தந்த சலுகையைவிட மூக்கில் விடும் குச்சி விரைவானது. நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எடுப்பது எப்போது என்பதுதான் துக்கம் கேட்க வருபவர்களின் முதல் கேள்வி. 72 மணி நேரம் கழித்துப் புறப்படுகிறவன் பால் தெளித்து முடித்த சாம்பலைத்தான் பார்க்க முடியும்.

அந்த வரிகளை எழுதியவர்கள்மீது எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அவர்கள் எழுதியதற்குக் காரணம் இருந்தது. அடுத்த சில வாரங்களில் இரண்டாம் அலை எழுந்து, ஒரே நாளில் நாலு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று என்ற எண்ணிக்கையை இந்தியா தொட்டது. நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்ப்பது வேறொன்றை. 2020 ஆகஸ்டில் வந்த நெறிமுறை, வந்திறங்குபவர்களை அரசு முகாமில் தங்கவைக்காமல் வீட்டுக்கு அனுப்பச் சில காரணங்களை ஏற்றுக்கொண்டது. கர்ப்பம், குடும்பத்தில் மரணம், கடும் நோய், பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகளோடு வரும் பெற்றோர் என நான்கு. 2021 பிப்ரவரியில் சோதனைக்கு விலக்கு என்று வந்தபோது பட்டியலில் மரணம் மட்டுமே எஞ்சியது. இரண்டும் வெவ்வேறு விலக்குகள்தான். ஆனாலும் ஓர் அரசாங்கம் எதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதை இந்தச் சுருக்கம் காட்டிவிடுகிறது. மரணம் ஒரு நிகழ்ச்சி. அதற்குத் தேதி உண்டு, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி சான்றிதழ் உண்டு. செத்துக்கொண்டிருப்பது நிகழ்ச்சியாகாது. அதற்குப் பதிவாளர் இல்லை, முத்திரை இல்லை. “அவசரம்னு இல்ல, வந்துருங்க” என்று ஒரு தம்பி தயங்கிச் சொல்வதைப் பதிவேற்ற எந்தக் கட்டமும் இல்லை. ஆனால் மகன் தேவைப்படுவது அப்போதுதான்.

எங்கள் பக்கத்தில் தகப்பனுக்குத் தலைமகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். ஆகவே சடங்கின் கணக்கில் நான் இல்லாதது ஒரு குறையாகவில்லை. தம்பி செய்தான். வெள்ளிக்கிழமை நண்பகலில் உறவுக்காரப் பையன் ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க, சிங்கப்பூரில் பதினோராம் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். வாய்க்கரிசி போடும்போது தம்பி ஒரு பிடி போட்டான். பிறகு இன்னொரு பிடி எடுத்து, கைப்பேசி இருந்த திசையைப் பார்க்காமலேயே, “இது அண்ணனுக்கு” என்று சொல்லிப் போட்டான். அந்தக் கணத்தில் சமிக்ஞை அறுந்து படம் உறைந்து நின்றது. சற்று நேரத்தில் என் கைப்பேசியில் வேறொரு செய்தி வந்தது. சோதனை முடிவு. தொற்று இல்லை. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்பதற்கான சான்று அது.

திருச்சியில் இறங்கியபோது கோப்பை வாங்கிப் பார்த்தவர்கள் ஒருவரும் முகம் கோணவில்லை. தாள்கள் வரிசையாக இருந்தன. வந்தவர் பதினான்கு நாட்கள் தன் உடல்நிலையைத் தானே கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. துக்க வீட்டில் அது ஒரு விசித்திரமான நிலைமை. பதினாறாம் நாள் கருமாதிவரை நானும் திண்ணை ஓரமாகவே இருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று, கட்டிப்பிடித்து அழ முடியாமல், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் தீட்டு என்று ஏற்கெனவே ஒன்று உண்டு. செத்த வீட்டுக்காரன் பதினாறு நாள் கோயிலுக்குப் போவதில்லை. அறிவியல் விதித்த பதினான்கும் வழக்கம் விதித்த பதினாறும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பெரியம்மா ஒருத்தி, “எந்தத் தீட்டுக்குத் தள்ளி நிக்கிறதுன்னே தெரியலையேப்பா” என்றாள்.

அந்த நாட்களில் தாத்தாவின் பழைய தகரப்பெட்டி கண்ணில் பட்டது. அம்மாவின் அப்பா. 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி மலாயாவுக்குக் கடைச் சிப்பந்தியாகப் போனவர். சென்னையிலும் நாகையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் வரை போய்வந்த அந்தக் கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. பெட்டியில் அவருடைய பயணத் தாள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அவர் சொன்ன கதை மிஞ்சியிருக்கிறது. தளத்தில் பாய்விரித்துப் படுத்துப் போனவர்களைக் கரையில் இறங்க விடாமல் தீவில் இறக்கினார்களாம். துணிகளை வாங்கி ஆவியில் அவித்தார்களாம், வரிசையில் நிற்கவைத்து மருந்து நீரில் குளிப்பாட்டினார்களாம். மேல் வகுப்பில் வந்தவர்கள் நேராக ஊருக்குள் போய்விட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். அந்தத் தீவு சிங்கப்பூரின் தெற்கே இருக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவு. 1874 முதல் நோய்த்தடுப்புக் காவலிடமாக இருந்தது. இப்போது விடுமுறை நாட்களில் படகில் போய் மீன்பிடித்துவிட்டு வருகிறார்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.

தாத்தாவின் தலைமுறையில் சான்றிதழ் தோளிலேயே இருந்தது. அம்மை குத்திய தழும்பு. காகிதம் தொலைந்தாலும் கை தொலையாது என்பார். அம்மாவின் இடது மேற்கையிலும் அப்படி இரண்டு வட்டத் தழும்புகள் உண்டு. சிறுவயதில் அவற்றை நாலணாக் காசு என்று நினைத்துத் தடவிப் பார்த்திருக்கிறேன். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபிறகு அந்தச் சான்றிதழை எந்த நாடும் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஒரு காகிதம் தேவையற்றுப்போவதைவிடப் பெரிய வெற்றி அந்தத் துறையில் இல்லை என்று நினைக்கிறேன்.

இதைவிடப் பழைய சுவடு ஒன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் ரயிலில் பாம்பன் பாலத்துக்கு முன்னால் மண்டபம் கேம்ப், மண்டபம் என்று அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள் வரும். அந்த கேம்ப், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைத் தடுத்துவைத்து, சோதித்து, அம்மை குத்தி அனுப்ப இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம். பின்னாளில் அதே இடம் இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாமாயிற்று. ஒரே வாசல். போகும்போது உன் உடம்பில் என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்டது, வரும்போது உன்னிடம் என்ன தாள் இருக்கிறது என்று கேட்டது. பிளேக் காலத்தில் இயற்றிய 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டத்தைத்தான் 2020 மார்ச்சிலும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். நம் கோப்புகளின் நிறம்தான் மாறியிருக்கிறது.

ஏப்ரல் 10ஆம் தேதி சிங்கப்பூர் திரும்பினேன். அரசு ஒதுக்கிய விடுதி அறையில் பதினான்கு நாள். கதவுக்கு வெளியே நாற்காலியில் உணவு. ஜன்னலுக்கு வெளியே கடல். கடலுக்கு அப்பால் மேகமூட்டமில்லாத நாளில் சில தீவுகள் தெரிந்தன, அவற்றில் எது தாத்தாவின் தீவு என்று அடையாளம் காண முடியவில்லை. பன்னிரண்டாம் நாள், ஏப்ரல் 22 அன்று, அறிவிப்பு வந்தது. மறுநாள் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பிருந்து, அண்மையில் இந்தியா சென்றிருந்த நீண்டகால அனுமதிக்காரர்களும் குறுகியகால வருகையாளர்களும் சிங்கப்பூருக்குள் நுழைய முடியாது. குடியுரிமையும் நிரந்தரவாசமும் உள்ளவர்களுக்குத் தடை இல்லை.

எனக்கு நிரந்தரவாசம் உண்டு. ஆகவே என் கோப்பு எவ்வளவு பருத்திருந்தாலும் அதன் அடியில் ஒரு கெட்டி அட்டை இருந்தது. கட்டுமான வேலையில் இருக்கும் புதுக்கோட்டைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய தாயார் அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்தார். அவர் போகவில்லை. வேலை அனுமதிக்காரர் ஊருக்குப் போனால் திரும்பி நுழைய முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும், அது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கடன் இருந்தது, தங்கை கல்யாணம் இருந்தது. 2020இல் தொழிலாளர் விடுதிகளை மூடியபோது மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர் அவர். அங்கிருந்தவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசே கணக்குச் சொன்னது. “நீங்க அம்மா முகத்த போன்லயாவது நேரடியா பாத்தீங்க. நான் ஷிப்ட் முடிச்சு வந்து வீடியோ பாத்தேன் அண்ணே” என்றார். சான்றிதழ்களைத் திரட்ட முடியாத துன்பத்தைப் பற்றி எழுதுகிறோம். திரட்டினாலும் பயனில்லை என்று தெரிந்து திரட்டாமலே இருந்தவர்களின் துன்பத்துக்குக் கோப்பே கிடையாது.

அடுத்துவந்த மாதங்களில் காகிதங்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டன. கோவிஷீல்டை பிரிட்டன் ஏற்றது, ஆனால் இந்தியா தந்த சான்றிதழை ஏற்கத் தயங்கியது. கோவின் சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இல்லை என்ற சிக்கலும் எழுந்து, 2021 செப்டம்பர் இறுதியில் வெளிநாடு செல்வோருக்காக அது சேர்க்கப்பட்டது. கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்துக்காக நவம்பர் 3 வரை காத்திருந்தார்கள். உடம்புக்குள் போன மருந்து ஒன்றே, அதன் பெயர் எல்லைக்கு எல்லை செல்லுபடியாவதும் ஆகாததுமாக இருந்தது. இதற்கெல்லாம் மாறாக, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் சிறு மஞ்சள் புத்தகம் நினைவுக்கு வருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்த அது, 2016 ஜூலை 11 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றாயிற்று. நாடுகள் கூடி உட்கார்ந்து, பொறுமையாகப் பேசினால் ஒரு காகிதத்தின் ஆயுளை ஒரு மனிதனின் ஆயுளோடு பொருத்திவிட முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பர் 22இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2023 மே 5 அன்று உலக அளவிலான அவசரநிலை முடிந்ததாக அறிவித்தார்கள். பன்னாட்டுச் சுகாதார விதிகளை 2024இல் திருத்தியிருக்கிறார்கள். இனிப் பயணியின் சுகாதார ஆவணங்கள் மின்வடிவிலும் இருக்கலாம். அடுத்த கொள்ளைநோய் வரும்போது, வரத்தான் செய்யும் என்கிறார்கள், நீலக் கோப்புக்கு வேலை இருக்காது. கைப்பேசியில் ஒரு சதுரம் போதும். பெயரில் தகப்பன் முன்னால் நிற்கிறாரா மகன் முன்னால் நிற்கிறானா என்பதையும் அது தானே சரிசெய்துகொள்ளக்கூடும்.

எனக்கு அந்தச் சதுரத்தைப் பற்றி ஒரே ஓர் எதிர்பார்ப்பு உண்டு. விலக்குகளின் பட்டியலில், மரணத்துக்கு முந்தைய வரியில், இன்னும் ஒரு கட்டம் வேண்டும். அதற்குச் சான்றாக ஊர் மருத்துவர் ஒருவரின் இரண்டு வரிக் கடிதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்படிப் போகிறவனைத் தரையிறங்கிய இடத்திலேயே சோதிக்கட்டும், முகக்கவசமும் கையுறையும் மாட்டிவிடட்டும், ஓர் அறைக்குள் அடைத்துவைத்து ஒரு மணி நேரம் மட்டும் வெளியே விடட்டும். பொய்க் கடிதங்களும் வரும், தெரியும். பொய்ச் சோதனைச் சான்றுகளும்தான் வந்தன, அதற்காகச் சோதனையை யாரும் கைவிடவில்லை. செத்தவர்களைப் பார்க்க வருகிறவர்களை நம்பிய ஓர் ஏற்பாடு, உயிரோடு இருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்களையும் கொஞ்சம் நம்பலாம்.